பரணில் கிடக்கும் கலர் டி.வி. யார் தலையில்? கம்பெனிகளைக் கோர்ட்டுக்கு இழுத்த 22 ரூபாய்!

பழைய கலர் டி.வி.யை என்ன செய்வது?

திருத்தணியில் மட்டுமல்ல, தமிழ்நாடு பூராவும் வீட்டுக்கு வீடு இந்தக் கேள்வி இருக்கிறது.

2006-ம் ஆண்டு செப்டம்பரில் அன்றைய தி.மு.க. அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்து வந்த அ.தி.மு.க. அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. அந்தத் திட்டம் தொடங்கியதே இதே திருவள்ளூர் மாவட்டத்தில், காக்களூரில்தான். கொடுத்தவர்கள் மாறிவிட்டார்கள். பொருளுக்கும் வயசாகிவிட்டது. இன்றைக்குச் சுவரில் தட்டை டி.வி. தொங்குகிறது. பழைய பெட்டி பரணில் தூங்குகிறது. இல்லாவிட்டால் காயலான் கடைக்குப் போய்விட்டது.

காயலான் கடையில் என்ன நடக்கும்? பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றுவார்கள். செம்புக் கம்பிச் சுருளை உருவுவார்கள். சர்க்யூட் போர்டு ஒரு மூட்டைக்கு, பிளாஸ்டிக் இன்னொரு மூட்டைக்கு. கடைசியில் மிஞ்சுவது படக்குழாய். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. காசு தேறாத சரக்கு. வாங்க ஆள் கிடையாது. ஏரிக்கரையோ, குப்பைமேடோ, இருட்டிய பிறகு எங்காவது போய் விழும். ஈயம் மண்ணில் இறங்கினால் தண்ணீருக்கு ஆபத்து. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது கெடுக்கும்.

செல்போனுக்குத்தான் மவுசு

இந்தக் குப்பையைக் காசாக்க புதுப்புது கம்பெனிகள் வந்திருப்பது உண்மைதான். பெங்களூர் பக்கத்தில் தாபஸ்பேட்டையில் 2005-ல் இ-பரிசரா ஆலை வந்தது. நாட்டிலேயே அரசு அனுமதியோடு மின்னணுக் கழிவைப் பிரித்தெடுத்த முதல் ஆலை அது. 2008-ல் நிதின் குப்தா, ரோகன் குப்தா என்ற சகோதரர்கள் அட்டெரோ கம்பெனியைத் தொடங்கி, உத்தரகாண்டில் ரூர்க்கியில் ஆலை போட்டார்கள். 2013-ல் டெல்லி வட்டாரத்தில் பிறந்த கேஷிஃபை, வீட்டுக்கே ஆளை அனுப்பிப் பழைய செல்போனை விலைக்கு வாங்குகிறது. பழுது பார்த்துத் திரும்ப விற்கிறது.

ஏன் செல்போன் மேல் இத்தனை ஆசை? தங்கம்! ஒரு டன் பழைய செல்போனில் சுமார் 300 கிராம் தங்கம் இருக்கும். சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் தேறுவதே பெரிய விஷயம். 2020 டோக்கியோ ஒலிம்பிக்கின் பதக்கங்களை ஜப்பான்காரர்கள் பழைய மின்னணுச் சாமான்களில் இருந்தே செய்தார்கள். 62 லட்சம் செல்போன்களோடு லேப்டாப், கேமரா எல்லாம் சேர்த்து உருக்கியதில் 32 கிலோ தங்கம் கிடைத்தது.

ஆக, செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் போட்டி போட்டுக்கொண்டு ஆள் வருவான். 14 அங்குலப் படக்குழாய் டி.வி.க்கு? ஒருத்தரும் வரமாட்டார்.

22 ரூபாய் சண்டை

இங்கேதான் சட்டம் நுழைகிறது. 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த புதிய விதிகள் என்ன சொல்கின்றன? டி.வி., பிரிட்ஜ், செல்போன் தயாரிக்கிற கம்பெனி, தான் முன்பு விற்று ஆயுள் முடிந்த சரக்கில் ஒரு பங்கை மறுசுழற்சி செய்ய வைத்தாக வேண்டும். முதல் இரண்டு வருடம் 60 சதவீதம். அடுத்த இரண்டு வருடம் 70. அதற்கப்புறம் 80. கம்பெனி தானே உடைத்துப் பிரிக்க வேண்டாம். பதிவு பெற்ற ஆலையிடம் காசு கொடுத்து சர்டிபிகேட் வாங்கினால் போதும்.

அந்தக் காசு எவ்வளவு என்பதில்தான் தகராறு. கம்பெனிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்டால் ஆலைகள் எப்படிப் பிழைக்கும்? அதனால் 2024-ல் மத்திய அரசு குறைந்தபட்ச விலையைக் கட்டியது. வீட்டு உபயோக மின்னணுச் சாமானுக்குக் கிலோ 22 ரூபாய். செல்போனுக்கு 34 ரூபாய். உடனே கம்பெனிகள் டெல்லி ஐகோர்ட்டுக்கு ஓடின. டைக்கின், வோல்டாஸ், 2025 ஏப்ரலில் சாம்சங், எல்.ஜி. என்று வரிசையாக வழக்கு. விலையை சந்தை தீர்மானிக்கட்டும், அரசு ஏன் மூக்கை நுழைக்கிறது என்பது கம்பெனிகள் கட்சி. நல்ல விலை இருந்தால்தான் முறையான ஆலைகள் பெருகும் என்பது அரசுக் கட்சி.

பத்து கிலோ டி.வி. பெட்டிக்குக் கணக்குப் போட்டால் 220 ரூபாய். பல ஆயிரத்துக்கு டி.வி. விற்கிற கம்பெனிக்கு இது ஒரு சுமையா என்று கேட்கலாம். ஆனால் அந்த 220 ரூபாய் ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தெருத்தெருவாக வண்டி தள்ளி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆசாமிக்கு இதில் எத்தனை ரூபாய் என்று விதியில் எங்கேயும் இல்லை. ஆலை தரும் விலையைவிட, உடைத்துச் செம்பு உருவினால் அதிகம் கிடைக்கும் என்றால் அவர் உடைக்கத்தான் செய்வார். அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை.

காயலானுக்கு ஏது எல்லை?

மின்னணுக் கழிவைப் பிரிக்கும் ஆலை தூரதேசத்தில் இல்லை. இதே மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி பக்கத்திலேயே இருக்கிறது. திருத்தணி மாவட்டத்தின் ஒரு கோடி, கும்மிடிப்பூண்டி மறுகோடி. ஆனால் பத்துப் பெட்டிக்கு லாரி பிடித்தால் வாடகைக்கே கட்டாது. இந்தப் பக்கம் எல்லை தாண்டினால் நகரி, அதைத் தாண்டினால் புத்தூர். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது மனிதர்களுக்குத்தான் எல்லை பிரித்தார்கள். காயலான் மூட்டை, விலை கூடுதலாகக் கிடைக்கிற பக்கம் போகும். போர்டுகள் கைமாறிக் கைமாறி டெல்லி சீலம்பூர், உத்தரபிரதேச மொரதாபாத் மாதிரி இடங்களுக்குப் போனால் அங்கே ஆசிட் தொட்டியில்தான் தங்கம் பிரியும். அதைச் செய்கிறவர்களின் நுரையீரலும் சேர்ந்து வேகும்.

சேர்த்து வைக்க ஊருக்குள் ஒரு இடம் இருந்தால் லாரிக் கணக்கு மாறும். தயாரித்த கம்பெனியே இழுத்து மூடிவிட்டால் அந்தப் பொருளை "அனாதை" என்று சொல்லும் விதிகள், அதைச் சேகரிக்கும் பொறுப்பை உள்ளாட்சியிடம் விட்டிருக்கின்றன. திருத்தணியில் என்றால் நகராட்சி. வாரம் ஒரு நாள் ஒரு கொட்டகையைத் திறந்து, காயலான் கடைக்காரர்களையே ஏஜெண்டுகளாக வைத்து, முழுப் பெட்டியாகக் கொண்டுவந்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று போர்டு மாட்டலாம். லாரி நிறைந்ததும் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பலாம். விதி இதற்குத் தடையாக இல்லை. பணம்தான் கேள்வி.

பணமும் ஒரு பக்கம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 3-ந் தேதி மத்திய மந்திரிசபை, முக்கிய கனிமங்களைக் குப்பையில் இருந்து மீட்க 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகையை அறிவித்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய கம்பெனிகளுக்கு. லித்தியம், கோபால்ட், நிக்கல், செம்பு எல்லாம் மத்திய அரசின் முக்கிய கனிமப் பட்டியலில் இருக்கின்றன. எனவே பேட்டரிக்கும் செல்போனுக்கும் இனி இன்னும் கிராக்கி. படக்குழாய்க் கண்ணாடியில் இருக்கிற ஈயம் அந்தப் பட்டியலில் இல்லை.