உப்பு எங்கே போகும்?

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் டேனரிகள் எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்களில் குவிந்து கிடக்கும் கலப்பு உப்புக்கு என்ன வழி? ‘ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது’ என்று கட்டாயமாக்கியவர்கள் அன்றும் இதற்குப் பதில் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

இவற்றில் பெரும்பாலானவை தொண்ணூறுகளில் எழுந்த நிலையங்கள். வண்டலைப் படியவைப்பதும் அங்கக மாசைக் குறைப்பதும்தான் அவற்றின் வேலை. கரைந்த உப்பை அவற்றால் எடுக்க முடியாது. அந்தப் பழைய தொட்டிகளுக்குப் பின்னால் ஆர்.ஓ. சவ்வுகளையும் ஆவியாக்கிகளையும் கொண்டுவந்து சேர்த்ததைத்தான் நவீனமயம் என்கிறார்கள். தொட்டியில் சரியாகத் தெளியாத நீர் சவ்வை அடைக்கிறது. சவ்வு ஒதுக்கித் தள்ளும் அடர் உப்புநீரைக் காய்ச்ச நீராவி வேண்டும், நீராவிக்கு எரிபொருள் வேண்டும், அரிப்பைத் தாங்க உயர்ரக எஃகு வேண்டும். இத்தனை செலவுக்கும் பிறகு மிஞ்சுவது சோடியம் குளோரைடும் சல்பேட்டும் கலந்த அழுக்கு உப்பு. அதைத் திரும்பத் தோலுக்குப் போட முடியாது, வாங்கவும் ஆளில்லை. தண்ணீர் பட்டால் கரையும் என்பதால் புதைக்கவும் வழியில்லை. ஆகவே ஷெட். அது நிரம்பினால் இன்னொரு ஷெட். பாலாற்றில் கலக்காமல் தடுத்த உப்பைப் பாலாற்றுப் படுகையிலேயே மூட்டை கட்டி அடுக்கியிருக்கிறோம். கூரை ஒழுகினால் பட்ட பாடெல்லாம் வீண்.

இந்த உப்பு வானத்திலிருந்து விழவில்லை. பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பில் பெரும்பகுதி, தோலை ஊறவைக்கும் முதல் தண்ணீரிலேயே இறங்கிவிடுகிறது. ஊறப்போடும் முன்பே தோலை உதறி உப்பைப் பிரிப்பதும், முதல் தண்ணீரை மற்றதோடு கலக்காமல் தனியே காயவைப்பதும் தொழிலில் உள்ள எவருக்கும் தெரியாத வித்தைகள் அல்ல. சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை. உப்பு உதறும் டிரம்முக்குத் திறப்பு விழா நடத்த முடியாதே!

டேனரி முதலாளிகள் உத்தமர்கள் என்று நாம் சொல்லவில்லை. மழை நாளில் ஆறு நுரைத்து ஓடுவதைப் பார்க்காதவர் இந்த ஊர்களில் உண்டா? ஆனால் சிறு டேனரிக்காரரை மிரட்டுவது எளிது. முடிவெடுத்தவர்களிடம் கணக்குக் கேட்பதுதான் கடினம்.

அவர்களுடைய பழைய கணக்கு மட்டும் என்ன வாழ்கிறது? டேனரி மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று அதற்கென அமைந்த ஆணையம் கணக்கிட 2001 ஆனது. ‘இழப்பீட்டைக் கொடுங்கள்’ என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30-இல் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு, ஒரு தலைமுறையே வளர்ந்து முடிந்தும் முழுதாக அகலவில்லை. அதே ஊர் சிப்காட்டில் 2015 ஜனவரி இறுதியில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது சரிந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். கசடைச் சேர்த்து வைத்தால் போதும் என்ற அதே புத்திதான் இன்று உப்பையும் சேர்த்து வைக்கிறது.

மறுபடியும் மேம்பாடு, மறுபடியும் மானியம் என்று பேச்சு எழும்போதெல்லாம் அதே வரைபடம்தான் வெளியே வருகிறது. உப்புக்கு ஒரு வழி காணட்டும். தோல் வந்து இறங்கும் இடத்திலிருந்தே யோசிக்கத் தொடங்கட்டும். அதுவரை அடுத்த டெண்டரில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.