ரத்தத்தில் எண் ஏறினால் மட்டும் போதுமா?

காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போவதுதான் வழக்கம். 2021-ம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலை அடித்தபோது அந்த வழக்கம் தலைகீழாயிற்று. முதலில் பரிசோதனைக் கூடம், பிறகுதான் டாக்டர். சி.ஆர்.பி., டி-டைமர், பெரிட்டின், ஐ.எல்.-6 என்று வாயில் நுழையாத பெயர்களெல்லாம் தொழிலாளர் குடியிருப்புகளில் கூடப் புழங்கின. நான்கையும் சேர்த்து எடுத்தால் ஒரு கூலித் தொழிலாளிக்குச் சில நாள் சம்பளம் காலி.

கொரோனா ஓய்ந்த பிறகும் அந்தப் பழக்கம் ஓயவில்லை. 'காய்ச்சல் பேக்கேஜ்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, சீட்டே இல்லாமல் ரத்தம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இவை என்ன? எதுவும் கிருமி அல்ல. சி.ஆர்.பி. என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். 1930-ல் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. உடம்பில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும், 'சுரந்து விடு' என்று கல்லீரலுக்குத் தகவல் சொல்வது ஐ.எல்.-6. பெரிட்டின் இரும்புச் சத்தைச் சேமித்து வைப்பது. ரத்தக்கட்டி கரையும்போது உதிரும் துணுக்குதான் டி-டைமர்.

ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்கும். எந்தப் பெட்டியில், என்ன காரணம் என்பது கார்டு இறங்கிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இந்த எண்களும் அப்படியே. பல்லில் சீழ் வைத்தாலும், காலில் புண் இருந்தாலும் சி.ஆர்.பி. ஏறும். 2021 மே மாதம் டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் டாக்டர் ரன்தீப் குலேரியா இதைத்தான் சொன்னார். லேசான நோய் உள்ளவர்கள் இந்தப் பரிசோதனைகளுக்கு ஓட வேண்டாம் என்றும் எச்சரித்தார். கேட்டவர்கள் எத்தனை பேர்?

பணம் போனது பெரிதல்ல. எண்ணைக் கண்டு பயந்து, மூச்சுத் திணறல் இல்லாதவர்களும் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியதுதான் விபரீதம். ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு டெக்சாமெத்தசோன் உயிர் காக்கும்; தேவைப்படாதவருக்குப் பலன் இல்லை. இது 2020 ஜூன் மாதமே பிரிட்டனில் நடந்த 'ரெகவரி' ஆய்வில் தெரிந்துவிட்டது. சர்க்கரை நோயும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை நுழைந்து, கண்ணை இழந்தவர்கள் உண்டு.

அதற்காகப் பரிசோதனையே வீண் என்று சொல்வதும் தவறு. ஆக்சிஜன் குறைந்து ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு, சி.ஆர்.பி. லிட்டருக்கு 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், டோசிலிசுமாப் என்ற ஊசி மருந்து இறப்பைக் குறைக்கும் என்று அதே ஆய்வு 2021 பிப்ரவரியில் காட்டியது. அங்கே எண்ணுக்கு வேலை இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த டாக்டரும் பக்கத்தில் இருக்கிறார். வீட்டில் வெறும் இருமலோடு இருப்பவருக்கு அதே எண் பயத்தைத் தவிர வேறு எதைத் தரும்?

தமிழர்கள் நெருக்கமாக வாழும் மும்பை தாராவியை நினைத்துப் பார்க்கலாம். 2020 ஏப்ரல் 1-ந் தேதி அங்கே முதல் நோயாளி கண்டறியப்பட்டார். மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக எடுத்துச் சென்றவை காய்ச்சலைப் பார்க்கும் கருவியும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும்தான். அந்த ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியைப் பாராட்டினார். கொரோனா நோயாளிக்கு ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்பதை விரல் நுனியிலேயே அறியலாம். செலவும் மிகக் குறைவு.

டாக்டர் சீட்டு இல்லாமல் இந்தப் பரிசோதனைகளைக் காய்ச்சல்காரர்களுக்கு விற்பதை மாநில அரசுகள் தடுக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் பரிசோதனை இலவசம். அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத் தனியார் கூடத்தில் காசைக் கொட்டுவானேன்?