புன்புலம் தரிசன்று

சங்க இலக்கிய ஆய்வுகளில் மருதத்தின் மென்புலத்தை வளத்தின் அளவுகோலாகக் கொண்டு, வன்புலத்தையும் புன்புலத்தையும் குறையுடைய நிலங்களாக மதிப்பிடும் போக்கு நிலவுகிறது. புன்புலம் என்பதற்குத் 'தரிசு' எனப் பொருளெழுதிக் கடந்துவிடுகிறோம். இப்பொருள்கோள் மறுஆய்வுக்குரியது.

ஐங்குறுநூற்றிலும் புறநானூற்றிலும் புன்புலம், தினையும் வரகும் தரும் நிலமாக இடம்பெறுகிறது. எனவே 'புன்மை' என்பது மண்ணின் மென்மையின்மையையும் நீர்க்குறைவையும் சுட்டுவதாகக் கொள்ளலாமேயன்றி, பயனின்மையைச் சுட்டுவதாகக் கொள்ள இயலாது.

இத்தகைய நிலத்தின் இயல்பை உணரக் காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களின் கொறங்காடுகள் துணைபுரியும். சரளை கலந்த, ஆழமற்ற செம்மண்ணில் மழைநீர் நெடுநாள் தங்குவதில்லை. எனினும் கொழுக்கட்டைப்புல் கோடையில் மேலே காய்ந்து, தூரில் உயிரைக் காத்து, மழை கண்டதும் தளிர்க்கிறது. இடையிடையே நிற்கும் வெள்வேல் புல்லுக்கு ஊறு செய்யாத மென்னிழலைத் தருகிறது. அதன் காய்கள் கால்நடைக்கு உணவாகின்றன. போத்துகளை நட்டு வளர்க்கும் கிளுவை உயிர்வேலியாகிறது. காங்கேய மாட்டினம் இம்மேய்ச்சலைச் சார்ந்தே நிலைபெற்றது. பட்டாவும் வேலியும் கொண்ட இன்றைய கொறங்காட்டைச் சங்ககாலப் புன்புலத்தோடு அப்படியே பொருத்துவது பிழையாகும். ஆயினும் நீர்க்குறைவுள்ள நிலம் தனக்கேயுரிய செடிகொடிகளையும் வாழ்க்கைமுறையையும் கொண்டு நிறைவுறும் என்பதற்கு அது கண்கூடான சான்று.

இது வெறும் சொற்பொருட் சிக்கலன்று. 2000ஆம் ஆண்டு முதல் வெளிவரும் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்புகள் புதர்நிலங்களையும் பாறைநிலங்களையும் தரிசுநில வகைகளில் அடக்குகின்றன. தரிசெனப் பெயர்பெற்ற நிலம் வேறு பயனுக்கு மாற்றப்படுகையில் இழப்பாக எண்ணப்படுவதில்லை. அங்கு மரங்களை அடர்த்தியாக நடுவதுகூட நன்மையெனவே கருதப்படுகிறது. ஒளி குன்றிப் புல் நலிவது கணக்கில் வருவதில்லை. நிலத்தைத் தரிசென்று அழைப்பதற்குத் தமிழாய்வும் துணைநிற்றல் தகாது.

ஆகவே, புன்புலம், வன்புலம், புறவு முதலிய சொற்களுக்கான பொருளைப் பாடல்களில் பயிலும் புல், பயிர், விலங்கு ஆகியவற்றோடு இணைத்து மீள வரையறுக்க வேண்டும். மேய்ச்சற்குடிகள் வழங்கும் புற்பெயர்களையும் மண்பெயர்களையும் களஆய்வில் தொகுக்கவும் வேண்டும். ஆடுமாடு மேய்த்தறிந்த மூத்த தலைமுறையோடு இச்சொற்களும் மறைந்துவருகின்றன. முல்லைத்திணையைப் பாடம் சொல்லும் துறைகளுக்கே இப்பணியில் முதற்கடமை உண்டு.