கம்பளியோடு முடிந்துவிடும் பாலிஷ்

தண்டையார்பேட்டையில் இரவு தெருவோரம் நிறுத்திய கறுப்புக் காரின் பானெட்டைக் காலையில் விரலால் தடவினால் கோடு விழும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுவது உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நின்றுபோனாலும், வடசென்னையில் தூசுக்குப் பஞ்சமில்லை. எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பல், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, போதாக்குறைக்குக் கடல் உப்பு. சாம்பலிலும் மணலிலும் இருக்கும் சிலிக்கா, கார் பெயின்ட்டைவிடக் கடினமானது. அதன்மேல் காய்ந்த பனியன் வேஸ்ட்டைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தால் கீறல் தயார்.

பிறகு வண்டி ‘ரப்பிங் பாலிஷு’க்குப் போகும். ரோட்டரி மெஷினில் கம்பளி பேட், தாராளமாகக் காம்பவுண்ட், ஒரு மணி நேரம். கார் பளபளவென்று வெளியே வரும். அன்றிரவே பெட்ரோல் பங்க்கின் எல்இடி வெளிச்சத்தில் பார்த்தால், கதவெல்லாம் மெஷின் சுற்றிய தடம். தொழிலில் இதற்கு ஹோலோகிராம் என்று பெயர். பெயர் மட்டும் அழகு.

இது அம்பாசடர், பத்மினி காலத்துப் பழக்கம். அன்று நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. தேய்த்தால் துணியில் சிவப்போ நீலமோ ஒட்டும்; கரைவது தெரிந்ததால் கை தானாக நின்றது. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் நிறமற்ற கிளியர் கோட் இருக்கிறது. பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. அதைத் தேய்த்தால் துணியில் நிறம் வராது. வருஷம் தவறாமல் ரப்பிங் போடுகிறவருக்கு, கூரையில் அது திட்டுத்திட்டாக உரியும் நாள்வரை எதுவும் தெரிவதில்லை. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதே படலம்தான்.

கம்பளியைத் திட்டுவது நியாயமில்லை. ஆழமான கீறலை வேகமாக வெட்டியெடுக்க அது நல்ல கருவி. வேலையை அதோடு முடித்துக்கொள்வதுதான் தப்பு. கடைசிச் சுற்றுக்கு மிருதுவான ஸ்பாஞ்ச் பேடும் நுண்ணிய பாலிஷும் வேண்டும். முடிந்தால், சுழலும்போதே மையம் விலகி ஆடும் டூயல் ஆக்‌ஷன் மெஷின். பேடின் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். அமுக்கிப் பார்ப்பதே நல்லது.

பேடில் பட்டாணி அளவில் நாலைந்து சொட்டு போதும். இரண்டடிச் சதுரமாக எடுத்துக்கொண்டு, நெடுக்காகவும் குறுக்காகவும், முந்தைய தடத்தின் பாதிமேல் ஏறும்படி நிதானமாக நகர்த்த வேண்டும். மெஷினின் கனமே போதும், அழுத்தத் தேவையில்லை. பேட் அடைத்துக்கொண்டால் பிரஷ் போட வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். விளிம்புகளில் பூச்சு மெலிது என்பதால் அங்கே மாஸ்கிங் டேப். முடித்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மறைத்துவிடும். பல ‘ஷோரூம் ஃபினிஷ்’கள் இரண்டு வாட்டர் வாஷில் காணாமல் போவது அதனால்தான்.

பழியைப் பட்டறைக்காரர் தலையில் மட்டும் கட்ட முடியாது. காலையில் விட்டு மதியம் எடுக்க வேண்டும், அதுவும் பாதி விலையில் என்று பேரம் பேசுகிறவருக்காக அவர் எப்படி இரண்டாவது பேடை எடுப்பார்? கார்க்காரர் விலையை விசாரிக்கும்போதே, “கடைசியா எந்த பேட் போடுவீங்க? மைக்ரான் மீட்டர் இருக்கா?” என்றும் கேட்க வேண்டும். மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது. ஆனாலும் கதவில் 120, பானெட்டில் 80 என்று காட்டினால், பானெட்டில் ஏற்கெனவே நிறையத் தேய்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அங்கே மறுபடி கம்பளி வைக்க விடக் கூடாது.

வாடகைக்கு ஓடும் வண்டிக்கு இந்தச் செலவே வேண்டாம், ஒழுங்காகக் கழுவினாலே போதும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசை இறக்கிவிட்டு ஷாம்பு போட வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெயிலில் காயவிடாமல், மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றியெடுத்துவிட வேண்டும்.