பாலாமைக்குச் சேறுதான் ஓடு

 

"ஆமைக்கு என்ன, ஓடு இருக்கு. ஏறி மிதிச்சாலும் வலிக்காது" என்று நம்மில் நிறையப் பேர் சொல்கிறோம். நானும் ஆறாம் வகுப்பு வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு என்று சொல்வதற்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது நம்ம ஊர்க் கண்மாயைப் பற்றியது. தயவு செய்து கடைசி வரை படியுங்கள்.

முதலில் ஓட்டைப் பற்றிப் பார்ப்போம். கார்ட்டூன் படத்தில் ஆமை ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போகும். நிஜத்தில் அப்படி முடியவே முடியாது. ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று ஒன்றாகச் சேர்ந்துதான் மேல் ஓடு ஆகியிருக்கிறது. நமக்குத் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு வெளியே இருக்கிறது. ஆமைக்கு உள்ளே இருக்கிறது. அந்த எலும்புக்கு மேலே உள்ள தகடுகள் கெரட்டின் என்ற பொருளால் ஆனவை. நம் நகமும் கெரட்டின்தான். ஓட்டில் நரம்பும் உண்டு. அதனால் தொட்டால் ஆமைக்குத் தெரியும், அடித்தால் வலிக்கும். கல்லெறிகிற அண்ணன்மார்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்!

சரி, எல்லா ஆமைக்கும் ஓடு கெட்டியாகத்தான் இருக்குமா? இல்லை. நம்ம தமிழ்நாட்டிலேயே இரண்டு விதமும் இருக்கிறது.

ஒன்று நட்சத்திர ஆமை. இது முள்ளுக்காட்டிலும் வறண்ட புல்வெளியிலும் வாழ்வது. ஓடு கெட்டியாக, கவிழ்த்து வைத்த சட்டி போல மேடாக இருக்கும். அதில் நட்சத்திரம் நட்சத்திரமாக மஞ்சள் கோடுகள். இதனால் ஓட முடியாது. நரி வந்தால் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேடான ஓட்டை வாயில் கவ்வுவது கஷ்டம். தவறி மல்லாந்து விழுந்தால் திரும்பி நிமிரவும் அந்த மேடு உதவுகிறது. ஆக, ஓட முடியாததற்குப் பதிலாக இயற்கை அதற்குக் கோட்டை கட்டிக் கொடுத்திருக்கிறது.

இன்னொன்று நம்ம கண்மாயிலும் வயல் வாய்க்காலிலும் இருக்கிற பாலாமை. இதன் முதுகில் தகடே கிடையாது. எலும்புக்கு மேலே தோல்தான் போர்த்தியிருக்கும். ஓரத்தைத் தொட்டால் மெத்தென்று இருக்கும். "இது சொத்தை ஆமை, ஓடு வளரல" என்று என் தம்பி சொன்னான். அது சொத்தை இல்லை. தகடு இல்லாததால் உடம்பு லேசு. தட்டையாக, வழவழப்பாக இருப்பதால் தண்ணீரில் விர்ரென்று போகும், சேற்றில் சட்டென்று புதையும். கழுத்து நீளம். சேற்றுக்குள் இருந்தபடியே மூக்கு நுனியை மட்டும் மேலே நீட்டி மூச்சு விடும். இந்த மெத்தோட்டு ஆமைக் குடும்பம் தோல் வழியாகவும் தொண்டை வழியாகவும் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பாலாமையின் அடி ஓட்டில் பின்பக்கம் இரண்டு மடல்கள் இருக்கின்றன. பின்னங்காலை உள்ளே இழுத்ததும் அவை கதவு போல மூடிக்கொள்ளும். கோடையில் தண்ணீர் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, மழை வரும் வரை அசையாமல் கிடக்கும்.

கடலிலும் இப்படி ஒன்று உண்டு. உலகத்திலேயே பெரிய ஆமையான தோல்முதுகு ஆமைக்கும் தகடு இல்லை. தோலுக்கு அடியில் சின்னச் சின்ன எலும்புத் துண்டுகள்தான். அது 1000 மீட்டருக்கும் கீழே முக்குளிக்கும். அங்கே தண்ணீர் அழுத்தும்போது வளைந்து கொடுக்கிற முதுகுதான் அதற்கு உதவுகிறது. மெத்தென்று இருப்பது பலவீனம் என்று இனிமேல் யாரும் சொல்வீர்களா?

என் கருத்து இதுதான். கெட்டி ஓடு உசத்தி, மெத்து ஓடு மட்டம் என்று எதுவும் இல்லை. எந்த இடத்தில் வாழ்கிறதோ அந்த இடத்துக்குத் தக்க ஓடு. நட்சத்திர ஆமை தன் கோட்டையை முதுகிலேயே சுமக்கிறது. பாலாமையின் கோட்டை அதன் முதுகில் இல்லை, கண்மாய்ச் சேற்றில் இருக்கிறது. பாலாமைக்குச் சேறுதான் ஓடு!

இதற்கு ஒரு பழைய சாட்சியும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 26 கோடி வருஷத்துக்கு முந்தைய ஒரு பிராணியின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அதன் பெயர் யூனோட்டோசாரஸ். ஆமைக்கு மூதாதை மாதிரி. அதற்கு ஓடு இல்லை, ஆனால் விலா எலும்புகள் அகலமாக இருந்தன. மண்ணைத் தோண்டும்போது உடம்பு நிலையாக நிற்பதற்காகத்தான் விலா முதலில் அகன்றது, பிற்பாடுதான் அது பாதுகாப்பு ஓடாக ஆனது என்று 2016இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த எலும்புகளில் ஒன்றைக் கண்டெடுத்தது யார் தெரியுமா? எட்டு வயதுப் பையன்! அவன் அப்பாவின் பண்ணையில் கிடைத்தது. ஆமைக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழசு.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

போன வருஷம் மே மாதம் கண்மாயில் தூர் வாரினார்கள். நானும் தம்பியும் வேடிக்கை பார்க்கப் போனோம். மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஜேசிபி மண்ணை அள்ளிக் கொட்டியபோது அதோடு மூன்று பாலாமைகள் வந்து விழுந்தன. ஒன்று இரும்புப் பல் பட்டு முதுகு பிளந்து கிடந்தது. கால் மட்டும் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. இன்னொன்றை எங்கள் சொந்தக்காரர் ஒருவர் உரச் சாக்கில் போட்டு எடுத்துப் போனார். (பெயர் எழுதினால் வீட்டில் எனக்கு அடி விழும்.) "வேணாம், விட்ருங்க" என்றேன். "மூலத்துக்கு நல்லதுடி, ஒனக்கு என்ன தெரியும்" என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. சாக்கு அசைந்துகொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவதை நானும் தம்பியும் வாளியில் தள்ளி ஊருணியில் கொண்டு போய் விட்டோம்.

சாயந்தரம் அம்மாச்சி என்னைத் திட்டினார்கள். "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்லுவாக. அதையா தொட்டுட்டு வந்த?" என்றார்கள். அதே அம்மாச்சி, அந்தச் சொந்தக்காரர் வீட்டில் குழம்பு வைத்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்தால் ஆகாதாம், சட்டிக்குள் வந்தால் ஆகுமாம். இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள்!

ஆமைக் கறியும் ரத்தமும் மூலத்தைக் குணப்படுத்தும் என்பது வெறும் நம்பிக்கை. மூலம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாலாமையைப் பிடிப்பது குற்றமும் கூட. 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் 3 வருஷம் முதல் 7 வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. கெட்டி ஓட்டுக்காரனும் தப்பவில்லை. நட்சத்திர ஆமையை அழகுக்காகப் பிடித்து வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள். 2019இல் உலக நாடுகள் சேர்ந்து அந்த வியாபாரத்தை முழுசாகத் தடை செய்த பிறகும் விமான நிலையங்களில் பிடிபடுகிறது. நரிக்குத் தாக்குப் பிடித்த ஓடு மனிதனின் பைக்கு முன்னால் தோற்றுப்போகிறது.

"அப்ப கண்மாயைத் தூரே வாரக் கூடாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. தண்ணீர் இல்லாமல் குடத்தோடு ரோட்டில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. தூர் வாரணும். ஆனால் ஒரே வாரத்தில் ஒரு மூலை விடாமல் சுரண்டக் கூடாது. பாதியை இந்த வருஷமும் மீதியை அடுத்த வருஷமும் வாரலாம். மடைப் பள்ளத்தில் கொஞ்சம் ஈரச் சேற்றை விட்டு வைக்கலாம். வண்டல் மண்ணை டிராக்டரில் ஏற்றும் முன் ஒரு ஆள் நின்று பார்க்கலாம். ஆமை கிடைத்தால் வாளியில் வைத்துத் தண்ணீர் உள்ள பக்கம் விடலாம். (கழுத்துப் பக்கம் கை வைக்காதீர்கள், நல்லாக் கடிக்கும்!) இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. பாலாமை நத்தை, பூச்சி, செத்த மீன் எல்லாவற்றையும் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கிறது. சம்பளம் கேட்காத துப்புரவுப் பணியாளர் அது.

மே 1ஆம் தேதி கிராம சபைக் கூட்டம் நடக்கும். நமக்கு ஓட்டு இல்லை, ஆனால் வாய் இருக்கிறது. அவரவர் அம்மா அப்பாவிடம் இதைச் சொல்லி அங்கே பேசச் சொல்லுங்கள். நான் என் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா "பாப்போம்" என்றிருக்கிறார்கள். எங்க வீட்டில் "பாப்போம்" என்றால் பாதி சம்மதம்.

ஊருணியில் விட்ட ஆமையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ஆனால் மழைக்குப் பிறகு ஒரு நாள் தண்ணீருக்கு மேலே சின்னதாக ஒரு மூக்கு தெரிந்தது என்று தம்பி சத்தியம் செய்கிறான். நான் நம்புகிறேன்.

சிந்திப்போம்! சேற்றையும் கொஞ்சம் விட்டு வைப்போம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி