பரிவு போதும், பேச்சுவார்த்தைக்கு உட்காருங்கள்

'மனிதரை மையப்படுத்திய வடிவமைப்பு' என்ற சொல்லுக்கு இப்போது பெரிய மவுசு. செயலியோ, மருத்துவக் கருவியோ, செயற்கை நுண்ணறிவோ, எதைச் செய்தாலும் முதல் பாடம் ஒன்றுதான்: பயன்படுத்தப்போகிறவரிடம் போங்கள், அவர் இடத்தில் நின்று பாருங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளி பிரபலப்படுத்திய ஐந்து படிகளில் முதல் படியே பரிவுதான்.

என் முனைவர் பட்ட ஆய்வு தூய்மைப் பணிக்கான கருவிகளைப் பற்றியது. அதனால் இந்தப் பாடத்தைப் பல பட்டறைகளில் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்கு எழும் கேள்வி: மையத்தில் வைக்கப்படும் அந்த மனிதர் யார்?

சண்டிகர், நாக்பூர், பஞ்ச்குலா போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். யார் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதை அதிகாரி திரையில் பார்த்துக்கொள்ளலாம். தங்களை வேவு பார்க்கும் கருவி என்று பணியாளர்கள் எதிர்த்தார்கள். அந்தக் கடிகாரத்தை மோசமான வடிவமைப்பு என்று சொல்லிவிட முடியாது. அதன் பயனர் மேற்பார்வையாளர். அவருடைய தேவையை அது நன்றாகவே நிறைவேற்றியது. கட்டியிருந்தவர் பயனராகக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

மலக்குழிக்கான இயந்திரங்களின் கதை வேறு. கேரளத்து இளம் பொறியாளர்களின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'பேண்டிகூட்' 2018இல் திருவனந்தபுரத்தில் இறங்கியது; அதே ஆண்டு கும்பகோணத்துக்கும் வந்தது. கழிவுநீர்த் தொட்டிகளுக்காகச் சென்னை ஐஐடி 'ஹோமோசெப்' என்ற கருவியைச் செய்தது. ஒருவர் குழிக்குள் இறங்குவதைத் தடுக்கும் எதையும் நான் வரவேற்கிறேன். ஆனால் பேண்டிகூட்டை வாங்குவது உள்ளாட்சி அமைப்பு. மரணங்களில் பலவும் வீடு, ஹோட்டல், அடுக்குமாடி ஆகியவற்றின் தனியார் தொட்டிகளில், துணை ஒப்பந்தக்காரர் கூட்டிவந்த ஆட்களுக்கு நேர்கின்றன. அங்கே இயந்திரம் வருவதில்லை. ஆள் மலிவாகக் கிடைக்கும்போது இயந்திரத்துக்கு யார் செலவு செய்வார்? அந்த ஆளை மலிவாக்கியது சாதி. அதை எந்த ரோபோவின் விலைப்பட்டியலிலும் பார்க்க முடியாது.

சட்டத்திலும் கருவி ஒரு வேலை செய்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கக் குறிப்பு ஒன்றின்படி, மத்திய அரசு அறிவிக்கும் கருவிகளுடனும் பாதுகாப்பு உடையுடனும் அந்த வேலையைச் செய்பவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார். ஆக, கருவியைக் கொடுத்துவிட்டால் அந்தப் பெயர் போய்விடும். வேலையும் அதைச் செய்யும் சாதியும் அப்படியே இருக்கலாம். 2021 ஜூலையில் ஒன்றிய அமைச்சர் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்றார். சாக்கடையிலும் தொட்டியிலும் மூச்சுத்திணறி இறந்தவர்கள் வேறு கணக்கில் இருந்தார்கள்.

நமக்குச் சொல்லித்தரப்படாத இன்னொரு வரலாறும் இந்தத் துறைக்கு உண்டு. 1970களின் தொடக்கத்தில், தொழிற்சாலைகளுக்குக் கணினி வரத் தொடங்கியபோது, நார்வேயின் இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கம் கிறிஸ்டன் நைகார்ட் என்ற கணினி அறிஞருடன் சேர்ந்து வேலை செய்தது. தொழிலாளர்கள் புதிய தொழில்நுட்பத்தைத் தாங்களே படித்தார்கள். அது எப்படி வரவேண்டும் என்பதில் தங்களுக்கும் குரல் வேண்டும் என்று கேட்டு, நிர்வாகத்துடன் ஒப்பந்தம் போட்டார்கள். பங்கேற்பு வடிவமைப்பு என்று இன்று வகுப்பில் படிப்பதற்கு இதுவும் ஒரு வேர். அங்கே யாரும் தொழிலாளர்மீது பரிவு காட்டவில்லை. தொழிலாளர்கள் மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்கள்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? 2025 ஆகஸ்டில் சென்னையின் இரண்டு மண்டலங்களில் தூய்மைப் பணியைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்து, பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வேலை யாரிடம், என்ன கூலிக்கு, எந்தப் பாதுகாப்போடு என்பதைத்தான் அவர்கள் பேசினார்கள். ஒரு பயனர் ஆய்வாளர் மாதக்கணக்கில் அலைந்து திரட்ட வேண்டியதை நடைபாதையில் மைக் வைத்துச் சொன்னார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது.

பட்டறைக்கு வந்து தன் கஷ்டத்தைச் சொன்னால் அந்தத் தொழிலாளி 'பயனர்'. வீதியில் உட்கார்ந்து உரிமை கேட்டால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. பரிவின் எல்லை அங்கே முடிந்துவிடுகிறது. 1936இலேயே அம்பேத்கர் சாதியை வேலைப் பங்கீடு என்று நியாயப்படுத்துவதை மறுத்தார்; உழைப்பவர்களையே மேலும் கீழுமாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு அது என்று காட்டினார். அந்த ஏற்பாட்டைத் தொடாமல் கருவியை மட்டும் மாற்றினால், வாளிக்குப் பதில் ரிமோட் அதே கைக்குப் போகும்.

எனவே கோரிக்கைகள் இவை. இயந்திரம் வாங்கும் டெண்டர் குழுவில் தொழிற்சங்கத்துக்கு இடமும், ஏற்க மறுக்கும் அதிகாரமும் வேண்டும். குழிக்குள் இறங்க மறுப்பவரின் அன்றைய கூலி பறிபோகக் கூடாது. பணியாளரைப் பின்தொடரும் எந்தக் கருவியும் அவர் சங்கத்தின் சம்மதமில்லாமல் வரக் கூடாது. இயந்திரத்தை இயக்கும் வேலை நிரந்தர வேலையாக, நல்ல சம்பளத்தோடு இருக்க வேண்டும். இப்போது இந்தப் பணியில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை வேண்டும். அவர்கள் பிள்ளைகளுக்கு அதிலிருந்து வெளியேறும் வழியும் வேண்டும்.

வடிவமைப்பும் பொறியியலும் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது தூய்மைப் பணியாளர்களுக்கான புதிய கருவியை மேடையில் காட்டினால், அதன் வேகத்தையும் விலையையும் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: இது வேண்டாம் என்று அவர்கள் சொல்லியிருந்தால், நீங்கள் நிறுத்தியிருப்பீர்களா?