நன்றியும் நாட்டுப்பற்றும்

ஆண்டுதோறும் பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று, தேசியக் கொடிகள் ஏறுகின்றன. அத்துடன் தமிழ் மக்களை நோக்கி ஒரு கேள்வியும் எழுகின்றது: "உங்களுக்கு இந்நாட்டின்மீது பற்றுண்டா? நன்றியுண்டா?" இதற்கு ஒளிவுமறைவின்றி விடை கூற நாம் கடமைப்பட்டுள்ளோம்.

நன்றி உண்டு. கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வி, உழவன் மகனையும் மருத்துவனாக்கியது, பொறியியலாளனாக்கியது. அதன் பயனைத் தமிழ்ப் பிள்ளைகளும் பெற்றனர். 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் பிற இடங்களிலும் தமிழர் வீடுகள் தீக்கிரையானபோது, தம் உயிருக்கு அஞ்சாது அயலவரைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்த சிங்கள மக்கள் பலர். அவர்களை மறப்போமாயின் நாம் நன்றி மறந்தவராவோம்.

ஆயினும் நாடு வேறு; நாட்டை ஆள்வோர் வேறு. 2007 யூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300 பேருக்கு மேற்பட்டோர் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு, வடக்கிற்கும் கிழக்கிற்கும் அனுப்பப்பட்டனர். பாதுகாப்பே காரணம் என்றனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பின்னர் பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். நீதிமன்றத்தின் அச்செயலுக்கும் நாம் நன்றியுடையோம். ஆனால், சொந்தத் தலைநகரில் தங்குவதற்கே காரணம் காட்ட வேண்டியிருந்தவனிடம் "நாட்டை நேசி" என்று கட்டளையிடுவது முறையாகுமா?

தேசிய கீதத்தின் கதையும் இதுவே. பண்டிதர் மு. நல்லதம்பி தமிழாக்கிய அக்கீதம், 2016ஆம் ஆண்டுச் சுதந்திர தின விழாவில் காலிமுகத்திடலில் தமிழிலும் ஒலித்தது. கேட்டவர் பலர் கண்கலங்கினர். 2020ஆம் ஆண்டு விழாவில் அது விடப்பட்டது. தாயை வாழ்த்தத் தன் மொழியில் வாய் திறக்கும் பிள்ளையைத் தடுத்துவிட்டு, அப்பிள்ளைக்குப் பற்றில்லை என்று பழிப்பது எவ்வகை நியாயம்?

உழவனைப் பாருங்கள். எவரும் கட்டளையிட்டு அவன் தன் நிலத்தை நேசிப்பதில்லை. மழை பொய்த்தாலும், விளைவு விலை போகாவிட்டாலும் மீண்டும் அதே நிலத்தில் விதைக்கின்றான். "இது எனது நிலம், என்னை எவரும் இங்கிருந்து எழுப்ப முடியாது" என்ற உறுதியே அவனுடைய பற்றின் வேர்.

அந்த உறுதியையே நாமும் வேண்டுகின்றோம். சலுகை கேட்கவில்லை, சமமான உரிமையைக் கேட்கின்றோம். அதனை வழங்குங்கள். நாட்டுப்பற்று உண்டா என்று கேட்கும் தேவையே பின்னர் எழாது.